குட்ருனுக்குப் பயணம் பிடிக்காது

ஹார்ட்விக்கும் நானும் ஜெர்மனியில் ஃபுல்டா என்ற ஊரில் ஒரே சுற்றுலா நிறுவனத்தில் முப்பத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டினோம். தேவாலயப் பாடகர் குழு, தீயணைப்புத் தொண்டர்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள் என்று யார் வாடகைக்குக் கேட்டாலும் போவோம். எனக்குப் பெரும்பாலும் ரைன் நதிப் பக்கம். அவனுக்கு பாம்பெர்க். காலை ஏழரைக்குக் கிளம்பினால் பத்தரைக்கு பாம்பெர்க். அங்கே ஒரு கைடு வந்து கூட்டத்தை அழைத்துக்கொண்டு போவார். மூன்றரைக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவார். இப்படி நூறு தடவைக்கு மேல் அந்த ஊருக்குப் போயிருப்பதாக ஹார்ட்விக்கே சொல்வான்.

எங்கள் முதலாளி ஒரு விஷயத்தில் தாராளமானவர். சீட் காலியாக இருந்தால் டிரைவர் தன் வீட்டு ஆளை இலவசமாக ஏற்றிக்கொள்ளலாம். நான் என் மனைவி எல்கேயை ஐந்தாறு தடவை கூட்டிப் போனேன். போகிற வழியெல்லாம் என் பிரேக்கைக் குறை சொல்லிக்கொண்டே வருவாள். ஹார்ட்விக் ஒரு தடவைகூட தன் மனைவி குட்ருனைக் கூட்டிப் போனதில்லை.

"அவளுக்குப் பயணம் பிடிக்காது. பஸ்ல ஏறி உக்காந்தாலே குமட்டும்" என்பான். நாங்கள் எல்லோரும் நம்பினோம். ஏன் நம்பாமல் இருக்க வேண்டும்? ஒரு கிறிஸ்துமஸ் விருந்தில் எல்கே குட்ருனிடம், "கவலைப்படாதீங்க, எனக்கும் படகுல போனா இப்படித்தான்" என்று ஆறுதல் சொன்னாள். குட்ருன் புரியாமல் சிரித்தாள். எல்கே குடித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ. அத்தோடு பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அன்றைக்கு இன்னும் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும் என்று எல்கே இன்றும் சொல்வாள்.

குட்ருன் திரைச்சீலைக் கடையில் வேலை பார்த்தவள். சன்னல் அளவைக் கண்ணாலேயே சொல்லிவிடுவாள், டேப் வைத்துப் பார்த்தால் ஒரு விரல் வித்தியாசம்கூட வராது. அவளுக்குக் கொஞ்சம் நாக்கு நீளம். ஹார்ட்விக் பேசாதவன். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அவள், "என்னையும் கூட்டிப் போயேன், அந்த பாம்பெர்கை நானும் பாக்கறேன்" என்று கேட்பாள். அவளிடம் அவன் சொல்லும் காரணம் வேறு. வண்டி நிறைந்துவிட்டது என்பான். குழந்தைக்குச் சளி என்பான். குழந்தை வளர்ந்து கல்யாணமாகிப் போன பிறகு, "ரிட்டயர் ஆனதும் போலாம், குட்ருன். அப்ப ஓட்டற வேலை இல்லாம நிம்மதியா சுத்தலாம்" என்றான். பயணம் முடிந்து வந்த இரவுச் சாப்பாட்டில், கூட்டத்தை இறக்குவதற்கு முன் கைடுகள் பஸ் மைக்கில் சொன்ன கதைகளையெல்லாம் அவளுக்குச் சொல்வான். அவள் ரொட்டியைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பாள்.

அவன் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் அவளுக்குக் கண் கெட ஆரம்பித்தது. பார்வையின் நடுவில் ஒரு சாம்பல் வட்டம். ஒருவரை நேராகப் பார்த்தால் முகம் இருக்காது, காதும் தோளும் மட்டும் இருக்கும். தலையைத் திருப்பி, ஓரக்கண்ணால்தான் எதையும் பிடிக்க வேண்டும். மாதாமாதம் கண்ணில் ஊசி போட்டார்கள். வேகத்தைக் குறைக்கலாம், நிறுத்த முடியாது என்றார் டாக்டர்.

செப்டம்பரில் ஹார்ட்விக் ஓய்வு பெற்றான். மறு வாரமே இரண்டு பேரும் பாம்பெர்குக்கு ரயில் ஏறினார்கள். நாலு நாள் விடுமுறை. புதிதாக ஒரு நீல மழைக்கோட்டு வாங்கியிருந்தாள். முதல் நாள் நடந்ததை இரண்டு பேருமே பிற்பாடு எங்களிடம் சொன்னார்கள். அவன் என்னிடம், அவள் எல்கேயிடம். இரண்டையும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

ரயில் பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தது. ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் ஹார்ட்விக் நின்றுவிட்டான்.

"என்ன?" என்றாள் குட்ருன்.

"ஒண்ணுமில்ல. எந்தப் பக்கம்னு பாக்கறேன்."

"நூறு தடவை வந்திருக்கேன்னு சொன்ன?"

"பஸ்ல வந்தேன். பஸ் நிக்கற இடம் ஊருக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் வந்ததே இல்ல."

"சரி, யாரையாவது கேளு. இல்ல, கண்ணு தெரியாதவ நான் கேக்கவா?"

அவன் ஒரு தபால்காரியிடம் வழி கேட்டான். தங்கும் விடுதி ஒரு கறிக்கடைக்கு மேலே இருந்தது. பெட்டிகளை வைத்துவிட்டு ஆற்றுப் பக்கம் இறங்கினார்கள். கல் பாவிய தெரு. அவள் அவன் முழங்கையைப் பிடித்திருந்தாள். வெயில் நன்றாக அடித்தது. அந்த நேரத்தில் அவள் சந்தோஷமாகவே இருந்தாளாம். ரொட்டிக்கடை வாசனை வந்தால், "பெருஞ்சீரகம் போட்டிருக்கான்" என்பாள். யாராவது கடந்து போனால், "அவ கோட்டுல லைனிங் பட்டு, சத்தத்தைக் கேளு" என்பாள்.

ஆற்றின் நடுவில், பாலத்தின் மேலேயே பழைய நகர மன்றம் நிற்கிறது. சுவர் முழுக்க ஓவியம். அந்த ஓவியத்தில் ஒரு குட்டித் தேவதையின் கால் மட்டும் நிஜச் சிற்பமாகச் சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஹார்ட்விக் வீட்டில் பலமுறை சொன்ன கதைகளில் அதுவும் ஒன்று. குட்ருனுக்கு மிகவும் பிடித்த கதை.

"அந்தக் கால் எங்க?" என்றாள்.

ஹார்ட்விக் சுவரைப் பார்த்தான். தூண்கள், மேகங்கள், பெண்கள், கொடிகள். கால் எங்கும் இல்லை. பாலத்தின் இந்தப் பக்கம் வந்து பார்த்தான், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தான். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி காத்திருந்தாள். கடைசியில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒரு டச்சுக்காரர் விரலை நீட்டிக் காட்டினார்.

"ஆ, இருக்கு. அதோ இருக்கு" என்றான்.

"எப்படி இருக்கு?"

"கால் மாதிரிதான் இருக்கு."

"வலது காலா, இடது காலா?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "இடதுன்னு நெனைக்கறேன்."

"குண்டா இருக்கா, ஒல்லியா? வெரலெல்லாம் தெரியுதா? கீழ தொங்குதா, ஏதாவது மேல ஊனியிருக்கா?"

"குட்ருன், அது ஒரு குழந்தையோட கால். அவ்ளோதான்."

அவள் தலையைச் சாய்த்து ஓரக்கண்ணால் முயற்சி செய்தாள். அவ்வளவு உயரத்தில் அவளுக்கு நிறங்கள் மட்டும் குழம்பித் தெரிந்தன. "வீட்ல எவ்ளோ நல்லா சொல்லுவ" என்றாள். "நீ இதை இதுக்கு முன்னாடி பாத்ததே இல்லையா?"

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"நான் வண்டியிலயே இருந்துடுவேன். யாராவது வண்டியைப் பாத்துக்கணும் இல்லையா."

அவள் கைப்பிடிச் சுவரை விட்டுவிட்டு அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "நீ சொல்ற லட்சணத்துக்கு நான் வீட்ல உக்காந்து ரேடியோ கேட்டிருக்கலாம்" என்று சிரித்தாள். அவனும் சிரித்தான். அதுவரைக்கும் கேலிதான்.

ஒரு மணிக்குப் பசித்தது. ஆற்றங்கரை ஓட்டல்களில் கூட்டம். ஒவ்வொன்றின் வாசலிலும் அவன் விலைப்பலகையைப் படித்துச் சொல்ல, அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"நீ எங்க சாப்பிடுவ?" என்று கேட்டாள்.

"அது சும்மா டிரைவருங்க சாப்பிடற கேன்டீன். பஸ் நிக்கற இடத்துல."

"அங்கயே போலாம்."

"அங்க ஒண்ணும் நல்லா இருக்காது."

"முப்பது வருஷமா நல்லா இல்லாத இடத்துலயா சாப்பிட்ட? வா, போலாம். இந்த ஊர்ல உனக்குத் தெரிஞ்ச ஒரே இடம் அதுதான்."

அவன் இரண்டு மூன்று தடவை பேச்சை மாற்றிப் பார்த்தான். கால் வலிக்கும் என்றான், தூரம் என்றான். குட்ருன் விடவில்லை. அந்த இடத்தில் என்ன நடக்கும் என்று தனக்கு ஓரளவு தெரிந்தே இருந்தது என்று பிற்பாடு என்னிடம் ஒப்புக்கொண்டான். "அவ இன்னைக்கு லீவுல இருப்பான்னு நெனைச்சேன், ஊவே" என்றான். ஊவே நான்தான்.

'அவ' என்றது குனியை. அந்தக் கேன்டீனை நடத்தும் பெண். அந்த ஊரில் பல பெண்களுக்குக் குனிகுண்டே என்று பெயர், அதைச் சுருக்கி குனி. அறுபது வயது இருக்கும். நல்ல பருமன், அதைவிட நல்ல குரல். அவன் கதவைத் திறந்ததும் அடுப்பு மேடைக்குப் பின்னாலிருந்தே கத்தினாள்.

"அடேய் ஹார்ட்விக், உன்னைச் சவப்பெட்டியில வச்சு மூடிட்டாங்கன்னு நெனைச்சேன். இது யாரு?"

"என் மனைவி."

குனி கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். குட்ருனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீங்கதானா அது? எப்படிம்மா வந்தீங்க, ரயில்லயா? ரயில்ல குமட்டாதா?"

"எனக்கா?" என்றாள் குட்ருன்.

"பஸ்ல ஏறினாலே உங்களுக்கு வாந்தி வரும்னு சொல்லிச் சொல்லி வருத்தப்படுவானே. பாவம், இவ்ளோ ஊர் சுத்தற மனுஷனுக்கு இப்படி ஒரு பொண்டாட்டியான்னு நாங்க எல்லாரும் அவனுக்காகவும் வருத்தப்படுவோம், உங்களுக்காகவும் வருத்தப்படுவோம். எங்க அம்மா உங்களுக்குன்னு இஞ்சி மிட்டாய் செஞ்சு குடுத்து அனுப்புவாங்க, வருஷா வருஷம், அவங்க இருந்த வரைக்கும். கெடைச்சுதா? சாப்பிட்டுப் பாத்தீங்களா?"

ஹார்ட்விக் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். மிட்டாய் எதுவும் வீட்டுக்கு வந்ததே இல்லை. திரும்பி வரும் வழியில் பயணிகளுக்குக் கொடுத்துவிடுவான். நானே ஒருமுறை இரண்டு தின்றிருக்கிறேன்.

குட்ருன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அந்த நொடியில் என்ன நினைத்தாய் என்று எல்கே கேட்டதற்கு, "அந்தப் பொம்பளையோட கை ரொம்ப சூடா இருந்தது, அதை மட்டும்தான் நெனைச்சேன்" என்றாளாம்.

"கெடைச்சுது" என்றாள் குட்ருன். "ரொம்ப நல்லா இருந்தது. உங்க அம்மாவுக்கு நன்றி சொல்ல எனக்குக் குடுத்து வைக்கல."

குனிக்குக் கண் கலங்கிவிட்டது. காசு வேண்டாம் என்று சொல்லி ஈரல் உருண்டை சூப் கொண்டுவந்து வைத்தாள், புகை வாசனை அடிக்கும் அந்த ஊர் பீர் வைத்தாள். குட்ருன் சூப்பைக் கடைசி வரை குடித்தாள். சமையலைப் பற்றிக் கேட்டாள், சன்னல் திரையைத் தொட்டுப் பார்த்து இது சீக்கிரம் வெளுக்கும் துணி என்று எச்சரித்தாள். ஹார்ட்விக்கோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவனால் அரைக் கிண்ணம்கூடக் குடிக்க முடியவில்லை.

வெளியே பஸ்கள் வரிசையாக நின்றன. ஒரு டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டியரிங்கின் மேல் கால் போட்டுப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டி வாய்க்கால் ஓரத்தில் ஒரு பெஞ்சு. குட்ருன்தான் முதலில் உட்கார்ந்தாள்.

"யாராவது இருந்தாளா?" என்று கேட்டாள்.

"இல்ல. சத்தியமா இல்ல."

"இருந்திருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும். அப்பறம் எதுக்கு?"

ஹார்ட்விக் வார்த்தைகளைத் தேடித்தேடிப் பேசினான். அவன் அவ்வளவு பேசிப் பழகியவன் இல்லை. "மொதல் தடவை நீ கேட்டப்ப குழந்தைக்கு நெஜமாவே சளி. அடுத்த தடவை... எல்லாரையும் கைடு கூட்டிட்டுப் போனதும் வண்டி காலியாயிடும் இல்ல, அந்த அஞ்சு மணி நேரம். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. ஷூவைக் கழட்டிட்டு சும்மா உக்காந்திருப்பேன். எனக்கு அது பிடிச்சிருந்தது. நீ வந்தா அது இருக்காது. அதை உங்கிட்ட எப்படிச் சொல்றது? அங்க எல்லாரும், ஏன் உன் மனைவி வர்றதில்லன்னு கேட்டாங்க. வாயில வந்ததைச் சொன்னேன். ஒரு தடவை சொன்னப்பறம் அதையே சொல்ல வேண்டியதாயிடுச்சு."

"என்கிட்டயே சொல்லியிருக்கலாம். ஹார்ட்விக், நான் உன் பஸ்ஸுல உன் தலைமேலயா உக்காந்திருப்பேன்? எல்லாரும் கைடு கூடப் போனா நானும் கைடு கூடப் போயிருப்பேன். நீ உன் ஷூவைக் கழட்டிட்டு உக்காந்திருக்கலாம். யாரு வேண்டாம்னா?"

அவனுக்கு அது ஒருபோதும் தோன்றவே இல்லை. முப்பது வருஷத்தில் ஒருமுறைகூட. அவ்வளவு எளிமையான வழி ஒன்று இருந்தது, அது கண்ணில் படாமலே போய்விட்டது.

"மன்னிச்சுடு" என்றான்.

"மன்னிக்கறது கஷ்டமில்ல. எனக்கு அப்ப கண்ணு நல்லா இருந்தது, ஹார்ட்விக். அதை எங்க போய்க் கேக்கறது?"

அதற்குப் பிறகு அவள் அறைக்குப் போக வேண்டும் என்றாள். அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள், வேறு வழியில்லை. போய்க் கட்டிலில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொண்டாள். அவன் கீழே கறிக்கடை வாசலில் கிடந்த நாற்காலியில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். ஊருக்கே திரும்பிவிடலாமா என்று கேட்க நினைத்தான், கேட்கவில்லை.

ஆறு மணிக்கு மேல் அவளே இறங்கி வந்தாள். நீலக் கோட்டைப் போட்டிருந்தாள். கறிக்கடைக்காரியிடம் நின்று, நாளைக்கு ஊர் சுற்றிக் காட்டும் கைடோடு போக ஒரு டிக்கெட் சொல்லி வைக்கச் சொன்னாள். கறிக்கடைக்காரி ஹார்ட்விக்கைப் பார்த்து, "ரெண்டு பேருக்குத்தானே?" என்றாள்.

"ஒருத்தருக்குத்தான்" என்றாள் குட்ருன். "அவருக்கு இந்த ஊர் நல்லா தெரியும்."

பிறகு இரண்டு பேரும் ஆற்றங்கரைக்கு நடந்தார்கள். எதிர்க்கரையில் பழைய மீனவர் வீடுகள், தண்ணீரை ஒட்டி ஒன்றோடு ஒன்று தோள் இடித்துக்கொண்டு நிற்கும். சூரியன் தாழ்ந்து அந்த வீடுகளின் மேல் விழுந்திருந்தது. ஹார்ட்விக் தன்னால் முடிந்த வரைக்கும் சொல்ல ஆரம்பித்தான். சிவப்பு ஓடு. மரச் சட்டம் போட்ட சுவர். சன்னல் தொட்டிகளில் பூ, என்ன பூ என்று தெரியவில்லை. மூன்றாவது வீட்டு வாசலில் கட்டிய படகு, பச்சை நிறம். வாழ்நாளில் அவ்வளவு வார்த்தைகளை அவன் ஒரே மூச்சில் பேசியதில்லை.

"தெரியுதா, குட்ருன்? கொஞ்சமாவது?"

"இல்ல" என்றாள். "ஒண்ணும் தெரியல."

அவன் நிறுத்திவிட்டான்.

மீதி மூன்று நாளும் அவள் கைடோடு போனாள், அவன் வெளியே எங்காவது உட்கார்ந்திருந்தான். மாலையில் வந்து தான் தொட்டுப் பார்த்ததையும் கேட்டதையும் கொஞ்சம் சொல்வாளாம். சண்டை எதுவும் இல்லை. ஊருக்கு வந்த பிறகும் அவர்கள் சேர்ந்துதான் இருந்தார்கள், பழையபடி அவள் அவனைக் கேலி செய்தாள். அவன் அடுத்த வருஷம் ரேகன்ஸ்பர்க் கூட்டிப் போகிறேன் என்றான், வுர்ட்ஸ்பர்க் போகலாம் என்றான். அவள் தன் தங்கையோடு ஒருமுறை கடலுக்குப் போய் வந்தாள், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, காற்றும் உப்பும் போதும் என்று. அவனோடு பிறகு எங்கும் போகவில்லை. அதற்குள் ஓரக்கண்ணும் போய்விட்டது.

அதற்கும் இரண்டு வருஷம் கழித்து ஒரு காலையில், அவன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக் கொடுத்துக்கொண்டிருந்தபோது, அவள் எந்த முன்னுரையும் இல்லாமல் சொன்னாள். "அன்னைக்கு சாயங்காலம் ஆத்தங்கரையில எனக்குத் தெரிஞ்சது."

"என்ன தெரிஞ்சது?"

"வீடுங்க எல்லாம். தலையைத் திருப்பினப்ப நல்லாவே தெரிஞ்சது. தண்ணியில வெளிச்சம் ஆடினதும் தெரிஞ்சது. ரொம்ப அழகா இருந்தது. உன்கிட்ட சொல்லணும்னு தோணல. உனக்கு அதைக் குடுக்கக் கூடாதுன்னு இருந்தது. இப்ப நெனைச்சா, சொல்லியிருக்கலாம்னு இருக்கு."

அன்று மதியமே ஹார்ட்விக் எங்கள் வீட்டுக்கு வந்தான். எல்கே காபி போட்டாள். குட்ருன் சொன்னதை வார்த்தை மாறாமல் சொல்லிவிட்டு, அவள் செய்தது நியாயம்தான் என்றான்.

"அவ கண்ணால பாத்த கடைசி ஊர் அது, ஊவே. நான் பக்கத்துலதான் நின்னேன்."

பிறகு காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். குட்ருனுக்கு மருந்து போடும் நேரம் ஆகிவிட்டது என்றான்.